உரமான பாதமும் உணர்வுள்ள பாதமும்

கடந்த வாரம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மட்டக்களப்புப் பகுதியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். வருகின்ற ஆடியில் தம் அம்மம்மாவுடன் கதிர்காமப் பாதயாத்திரை போக அவருக்கு விருப்பமாம். உகந்தையிலிருந்து குமண, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காட்டு வழியே வெறுங்காலுடன் நடந்து போவது அம்மம்மாவின் நீண்டகால வழக்கமாம். "நானோ சிறு வயது முதல் சப்பாத்தும் செருப்பும் போட்டே வளர்ந்தவன். முற்றத்துக் கல் ஒன்று குத்தினாலே துள்ளுகிறேன். அம்மம்மாவின் பாதங்கள் வைரம் பாய்ந்த கட்டை போன்றவை. பத்து வருடமாகச் சீனி வருத்தம் இருந்தும், முள்ளுக் குத்தினாலும் நோகாத கால் என்று பெருமையோடு சொல்லுவார். அவருடையவை போல என் கால்களையும் உரமாக்குவது எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

வினா நல்ல வினா. ஆனால், அதை வாசித்தபோது எமக்கு அந்த இளைஞரைப் பற்றிக் கவலை பிறக்கவில்லை. அம்மம்மாவைப் பற்றியே கவலை பிறந்தது. ஏன் என்பதைப் பின்னர் சொல்லுவோம். முதலில் மாணவருக்கு விடை கூறுவது முறை.

வெறுங்கால் நடை என்றதும் நம்மவருள் இரண்டு கட்சியினர் தோன்றிவிடுவர். செருப்பில்லாத கால் நாகரிகமற்ற கால் என்பார் ஒரு சாரார். மண்ணை மிதித்தால் மருந்தே வேண்டாம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பாதத்தைக் குனிந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள. இரு பாதங்களிலும் சேர்ந்து 52. உடம்பிலுள்ள 206 எலும்புகளில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு காலடியிலேயே இருக்கிறது என்றால், அந்த உறுப்பு வெறும் கட்டையாகப் படைக்கப்படவில்லை என்பது விளங்குமன்றோ? உள்ளங்காலின் தோலில் நுண்ணிய உணர்ச்சி நரம்புகள் செறிந்திருக்கின்றன. தரை சரிவானதா, சூடானதா, வழுக்குவதா என்பதை அவை கணப்பொழுதில் மூளைக்கு அறிவிக்கின்றன. விரல்கள் விரிந்தும் மடங்கியும் உடம்பின் நிறையைத் தாங்கிக்கொள்கின்றன. நடப்பவனுக்கு முகத்தில் இரண்டு கண்களென்றால் காலில் இன்னும் இரண்டு கண்கள் என்று சொல்லலாம். ஒடுங்கிய முனையுள்ள சப்பாத்தினுள் ஆண்டுக்கணக்கில் அடைபட்ட பாதத்தில் பெருவிரல் உள்நோக்கி வளைந்தும், தசைகள் சோம்பியும் போவதுண்டு. ஆகவே, ஏற்ற இடத்தில், ஏற்ற பொழுதில், வெறுங்காலுடன் நடப்பது உடம்புக்கு நல்ல பயிற்சியே.

தோல் காய்த்துப்போனால் இந்த உணர்ச்சி மழுங்கிவிடாதோ என்று சிலர் ஐயுறக்கூடும். இதனை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கென்யா நாட்டில் வெறுங்காலுடன் வாழ்பவர்களையும், சப்பாத்து அணிந்து வாழ்பவர்களையும், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வொன்று, 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. வெறுங்காலில் நடப்பவர்களின் உள்ளங்காலில் காய்ப்புத் தடித்திருந்தது. ஆயினும் அவர்களுடைய பாதத்தின் தொடுவுணர்ச்சி அதனாற் குறைந்திருக்கவில்லை. இயற்கை செய்து தரும் அடித்தோல் பாதத்தைக் காக்கிறது. தரையின் செய்தியை மறைக்கவில்லை. இந்த முடிவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். கட்டுரையின் பிற்பகுதிக்கு அது இன்றியமையாதது.

இனிப் பழகும் முறை. ஆடி பிறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குதல் வேண்டும். முதல் வாரம், கூட்டிய முற்றத்து மணலில், காலையில் பத்து நிமிடம் போதும். அடுத்துப் புற்றரை, அதன்பின் கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணல், இறுதியாகவே ஒழுங்கைக் கல்லும் காட்டுப் பாதையும். நடக்கும்போது எட்டிக் கால் வைக்காமல் சிற்றடியாக, மெல்ல ஊன்றி வைக்கவேண்டும். காலை இழுத்தலும், ஊன்றிய காலின்மேல் திரும்புதலும் ஆகா; அவையே தோலை உரிப்பவை. பார்வை சில அடி முன்னே தரையில் இருக்கட்டும். மயிலைப் பார்க்க ஆசையெனில் நின்று பார்க்கலாம். கெண்டைக்காலில் இலேசான உளைவு ஏற்படுவது இயல்பு. ஆனால், புறங்காலில் ஓரிடத்தில் எலும்பு நொந்து, நடக்க நடக்க அந்த நோ கூடுமானால் அன்றே நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். பையில் ஒரு சோடி செருப்பு எப்போதும் இருக்கட்டும். அதை எடுத்து அணிவது தோல்வியாகாது.

மலையேற்றத்தில் விருப்பமுள்ள மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயரமானது. அதன் படிகளை வெறுங்காலுடன் ஏறுவோர் உளர். விடியற்புறத்தில் மலைமேல் வீசும் குளிர் பாதத்தை விறைக்கச் செய்துவிடும். விறைத்த பாதம் கல்லின் கூரை அறியாது. ஏறும்போது தெரியாத காயம் இறங்கும்போதுதான் தெரியவரும். பாதம் விறைக்கத் தொடங்கியதும் அதற்கு உறை வேண்டும் என்பதை இங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

வெறுங்காலின் புகழை உலகறியச் செய்தவர் எதியோப்பிய நாட்டு வீரர் அபேபே பிகிலா. 1960 செப்டெம்பர் 10ஆம் திகதி ரோமாபுரி ஒலிம்பிக் போட்டியில், 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மரதன் தூரத்தை வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். கிடைத்த சப்பாத்து காலுக்கு வசதியாக இல்லை. வெறுங்காலில் ஓடிப் பழக்கம் இருந்தது. ஆகவே அப்படியே ஓடினார். இதைப் பலரும் சொல்லுவர். நான்கு ஆண்டுகளின் பின், 1964இல், டோக்கியோவில் அவர் சப்பாத்து அணிந்து ஓடி, மேலும் குறைந்த நேரத்தில் மறுபடியும் வென்றார் என்பதைச் சொல்பவர் சிலரே. அவருடைய நாட்டிலேயே, எரிமலைச் செம்மண் படிந்த மேட்டுநிலங்களில், ஆண்டாண்டாக வெறுங்காலுடன் உழைக்கும் ஏழைக் குடியானவர்களுக்குக் கால் வீங்கி யானைக்கால் போலாகும் நோயொன்று உண்டு. போடோகோனியோசிஸ் என்பது அதன் பெயர். கிருமியால் வருவதன்று, மண்ணின் நுண்துகள்கள் தோலினூடே புகுவதால் வருவது. சப்பாத்து அணிதலும் நாள்தோறும் கால் கழுவுதலுமே அதைத் தடுக்கும் வழி. ஒரே நாட்டின் மண்ணில் வெறுங்கால் ஒருவருக்குப் புகழ் தந்தது. மற்றவர்க்கு நோய் தந்தது. ஆகலின் வெறுங்கால் நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பதிற் பயனில்லை. எந்த நிலத்தில், எத்தகைய பாதம் என்றே கேட்கவேண்டும்.

நமது நிலத்தில் கவனிக்க வேண்டியவை எவை? முதலாவது வெயில். நண்பகலில் தார் வீதி 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறக்கூடும். அது தோலைச் சுடப் போதுமான சூடு. விடியற்காலையும் பின்னேரமுமே நடைக்கு உரிய பொழுதுகள். இரண்டாவது சேறு. வயல் வரம்பிலும் தேங்கிய நீரிலும் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலிலுள்ள சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சற் கிருமி உட்புகும். சேற்றில் நடந்து சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் கண்டால், நடந்ததை வைத்தியரிடம் மறவாமற் சொல்லவேண்டும். மூன்றாவது, மலசலகூடமின்றி மக்கள் ஒதுங்கும் இடம். அந்த மண்ணில் கொழுக்கிப்புழுவின் குஞ்சுகள் காத்திருந்து, விரலிடுக்கின் தோலைத் துளைத்து உடலுள் நுழைந்து, இறுதியிற் குடலைச் சேர்ந்து இரத்தத்தை உறிஞ்சும். முதலாம் உலக யுத்த காலத்தில் நமது மலையகத் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்கப் பெரும் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. நான்காவது பாம்பு. அந்திக்குப் பின் வெளிச்சமின்றியும் காலணியின்றியும் நடப்பது வீரமன்று. கடித்துவிட்டாலோ, கடிவாயை அறுத்தலும் இறுகக் கட்டுதலும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வன்னி நிலத்தில் நடப்போர் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஓரடியும் வைக்கலாகாது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

நடை முடிந்தபின் செய்யும் பணி நடையினும் முக்கியமானது. மாலையில் இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமிட்டுக் கால் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி உலர்த்தவேண்டும். ஈரம் நின்ற இடுக்கிலேயே சேற்றுப்புண் தோன்றும். பின்னர் குதிக்காலிலும் உள்ளங்காலிலும் தேங்காயெண்ணெய் தடவுக, இடுக்குகளில் தடவற்க. பித்தவெடிப்பைக் கத்தியாற் சீவுவது கூடாது. ஊறவைத்துப் படிக்கல்லால் மெல்லத் தேய்த்தால் போதும். நகத்தை ஓரம் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுக. சிறு கொப்புளத்தை உடைக்காமல் துணியிட்டு மூடுக. அதன் மேற்றோலே அதற்குச் சிறந்த மருந்து. முள்ளைத் தீயிற் சுட்டு ஆறிய ஊசியால் எடுத்து, இடத்தைக் கழுவவேண்டும். முள்ளோ ஆணியோ ஆழமாகக் குத்தியிருந்து, ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டோம் என்பது நினைவில் இல்லையெனில், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

மாணவருக்குரிய விடை இவ்வளவே. இனி அம்மம்மாவின் பக்கம் வருவோம்.

எமது பெரியம்மாவும் இப்படிப்பட்டவரே. கிணற்றடியிலும் பனங்காணியிலும் கோயில் வீதியிலும் ஆயுள் முழுதும் வெறுங்காலுடன் நடந்தவர். செருப்பு வாங்கிக் கொடுத்தால் பெட்டியோடு அலுமாரியில் வைப்பார். நடு வயதில் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. குளிசை எடுத்தார், சீனியில்லாத் தேநீர் குடித்தார், காலை மட்டும் எவரும் நினைக்கவில்லை. ஒருமுறை திருவிழாவுக்குப் போய் நடந்து திரும்பிய இரவு, அவருடைய பாயில் இரத்தக் கறை இருந்தது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தோம். குதிக்காலில் உடைமுள் ஒன்று முறிந்து நின்றது. சுற்றியிருந்த சதை சிவந்து வீங்கி நாற்றமெடுக்கத் தொடங்கியிருந்தது. குத்தி நாட்கள் பல ஆகியிருக்கவேண்டும். "எப்ப குத்தினது?" என்று கேட்டோம். "முள்ளோ? எனக்கொண்டும் குத்தேல்லையே, பிள்ளை," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முள் அவருக்குக் குத்தவே இல்லை. இரண்டு மாதத்தின் பின் அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து வீடு திரும்பினார். அதன்பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். கோயில் மணி கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பார். அவருடைய பாதம் உரமானது என்று பல்லாண்டு நாமும் பெருமை பேசியிருந்தோம். அது உணர்விழந்த பாதம் என்பதை அறிந்துகொண்டது மிகவும் பிந்திய பிறகே.

தம்பி, மேலே சொன்ன கென்யா ஆய்வை மீண்டும் நினைத்துப் பார்க்க. காய்த்த தோல் உணர்ச்சியைக் கெடுப்பதில்லை. அப்படியாயின், முள்ளுக் குத்தினாலும் நோகாத கால் என்று உமது அம்மம்மா சொல்வதற்குக் காய்ப்புக் காரணமாக இராது. இரத்தத்தில் நெடுங்காலம் மிகுந்திருக்கும் சீனி, முதலிற் பாதத்து நரம்புகளையே கெடுக்கிறது. கூடவே இரத்தவோட்டமும் குறைந்தால் புண் ஆறாது. நோவில்லாமையால் காயம் கவனிக்கப்படாது. கவனிக்கப்படாத காயத்தின்மேல் நாள்தோறும் நடையும் தொடரும்.

இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். 1946ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் வேலூருக்கு வந்து தொழுநோயாளர்களிடையே பணி செய்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்கின்றன என்று அக்காலத்திற் பலரும் நம்பியிருந்தனர். அவரோ, வலி தெரியாமையாற் சுடுபட்டும் காயம்பட்டும் கவனிப்பாரற்றுமே அவை அழிகின்றன என்று கண்டார். வலி தெரியாத பாதங்களுக்கென மென்மையான றப்பரடிச் செருப்புகள் அங்கே செய்யப்பட்டன. பின்னாளில் அவர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, அதே அறிவு நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காக்கப் பயன்பட்டது. வலி நமக்குப் பகையன்று, காவலன் என்பது அவர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய பாடம்.

அம்மம்மாவின் பாதத்தில் அந்தக் காவலன் இருக்கிறானா, போய்விட்டானா என்பதை நீரே வீட்டில் ஓரளவு அறியலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் வகுத்து, 2011இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்றுண்டு. கருவி எதுவும் வேண்டாம். அவரைச் சாய்ந்திருக்கச் செய்து, கண்களை மூடச் சொல்க. உமது சுட்டுவிரலின் நுனியால், அவருடைய பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனிகளை, ஒவ்வொன்றாக, இரு பாதங்களிலும் மெல்லத் தொடுக. அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. ஓரிரு விநாடி தொட்டால் போதும். தொட்டதை உணர்ந்தவுடன் வலம் அல்லது இடம் என்று அவர் சொல்லவேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற் போனால், பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ஆறும் தெரிந்தாலும், சீனி வருத்தமுடையவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதங்களை வைத்தியரிடம் காட்டுவது கடமை.

அப்படியானால் யாத்திரை? நரம்புணர்ச்சி குறைந்தவர் வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது என்பதே வைத்தியர்களின் அறிவுரை. காட்டு வழியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அவர் போகலாமா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். போகலாம் என்றால், விரல்களை மூடி, முன்புறம் அகன்று, குதியிற் பட்டியுள்ள மென்மையான காலணி வாங்குக. விரலிடுக்கில் வார் மாட்டும் செருப்பு வேண்டாம். உணர்ச்சியற்ற காலிலிருந்து அது கழன்று போனாலும் தெரியாது. புதியதை முதல் நாள் சிறிது நேரம், மறுநாள் இன்னும் சிறிது நேரம் என்று பல வாரம் பழக்கவேண்டும். அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ முள்ளோ உண்டா எனப் பார்க்கவேண்டும். கோயில் வீதியில் கழற்ற நேரும்போது கல் சுடாத காலை வேளையைத் தெரிந்துகொள்க. நேர்த்திக்கு உயிர் மனமேயன்றிச் செருப்பில்லாக் காலன்று என்பது எமது எண்ணம். ஆனால், இதை அம்மம்மாவிடம் அதட்டிச் சொல்லிப் பயனில்லை. பேரப்பிள்ளை அருகிலிருந்து பரிவோடு சொன்னால் கேட்பார்.

இன்னுமொன்று. ஒவ்வொரு நாளும் நடை முடிந்தபின், உமது காலைக் கழுவுமுன் அம்மம்மாவின் கால்களைக் கழுவுக. நீரின் சூட்டை அவர் காலால் அன்று, உமது முழங்கையால் சோதித்துப் பார்க்க. உள்ளங்கால், குதி, விரலிடுக்கு எங்கணும் வெளிச்சத்திற் பார்க்க. சிவப்பு, கொப்புளம், கீறல், வீக்கம் எது கண்டாலும் கைவைத்தியம் செய்யாமல் வைத்தியரிடம் காட்டுக. அவருடைய பாதம் காணாததை உமது கண் காணட்டும்.

வாசக நேயர்களே, இக்கடிதம் ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஆனால், சீனி வருத்தமுள்ள பெரியவர் ஒருவர் இல்லாத வீடு இன்று நம்மிடையே அரிது. இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வீட்டிலிருப்பர். மதிய உணவின் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, அம்மம்மாவையோ அப்பப்பாவையோ சாய்மனைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, அவர்களின் ஆறு விரல்நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். எமது வீட்டில் அந்தப் பத்து நிமிடத்தை ஒருவரும் செலவிடவில்லை.